ஆடி பதினெட்டுக்குப் பாட வேண்டிய ரேடியோ

அந்த வால்வு ரேடியோவை நான் கேட்டு வாங்கவில்லை. அப்பாவின் வாய் வாங்கிக்கொண்டு வந்தது.

அப்பா சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் மெஷின்மேன். முதலாளி அறையில் அவருடைய தகப்பனார் காலத்து ரேடியோ ஒன்று வாயடைத்துக் கிடந்தது. ஆடி பதினெட்டு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். வெளியூர் ஏஜெண்டுகளெல்லாம் வருவார்கள். அன்றைக்கு அது பாட வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. மதுரைக்கு அனுப்பலாமா என்று அவர் கணக்குப்பிள்ளையிடம் கேட்க, பக்கத்தில் கையிலிருந்த மையைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா குறுக்கே புகுந்துவிட்டார்.

"எதுக்கு மொதலாளி மதுர? எம் மக எலக்ட்ரானிக்ஸ் படிச்சிருக்குல்ல. அது பாத்துரும்."

"படிப்பெல்லாம் பரீட்சைக்குய்யா. ரேடியோ அதக் கேக்குமா?" என்று கணக்குப்பிள்ளை சிரித்தாராம்.

அந்தச் சிரிப்பை அப்பா என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். இப்போது விருதுநகரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை. ரேடியோ பாடாவிட்டால் அத்தனை பேர் முன்னால் அப்பா சொன்ன சொல்லும் போகும், என் பட்டமும் வெறும் காகிதமாகும். எடுத்துக்கொண்டேன்.

பழுது பார்த்தது சிரமமில்லை. உப்பிப் போன கண்டென்சர்களை மாற்றினேன். எலி கடித்த வயரை மாற்றினேன். வால்வுகள் மெல்லச் சிவந்தன, ஸ்பீக்கர் முனகியது. மிச்சம் இருந்தது அலைன்மெண்ட். உள்ளே இரண்டு அலுமினியக் கூடுகள் இருக்கும். அவற்றின் துளைக்குள் மறை போட்ட சின்னக் கரிய கட்டைகள். அவற்றை மயிரிழை மயிரிழையாகத் திருகி, எல்லாவற்றையும் ஒரே அலைவரிசைக்குக் கொண்டுவர வேண்டும். இரும்பு ஸ்க்ரூடிரைவர் பட்டால் அளவு மாறும். அதனால் ராக்கெட் வெடிக்குக் கட்டும் குச்சி ஒன்றைச் சீவித் தட்டையாக்கிக்கொண்டேன். ஆய்வகத்திலிருந்து சோதனை அலை தரும் சிக்னல் ஜெனரேட்டரையும் ஒரு முள் மீட்டரையும் கேட்டு வாங்கி வந்தேன்.

இதையெல்லாம் செட் நன்றாகச் சூடேறிய பிறகுதான் செய்ய வேண்டும். அரை மணி நேரம் ஆகும். நான் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, சுவிட்சைப் போட்டு, அது சூடேறி, நான் குச்சியைக் கையில் எடுக்கவும் தெருமுனையில் பட்டாசுக் கம்பெனி வேன் வந்து நிற்கும். அம்மா இறங்குவாள்.

"ஏத்தா, அணைச்சிட்டியா?"

"இப்பத்தான் சூடாயிருக்கும்மா. வேற ரூம்லதான இருக்கு?"

"சேலையெல்லாம் மருந்து. அணைச்சாத்தான் வாசப்படி ஏறுவேன்."

கம்பெனியில் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு, பொறி தட்டாதபடி உடம்பு மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் மருந்து அறைக்குள் போவாள் அம்மா. அவளிடம் என்ன வாதாட? அவள் சொல்வதும் சரிதான், அதுதான் எரிச்சல். அணைப்பேன். அவள் பின்பக்கமாகப் போய்க் குளித்து, சேலையை அலசிப் போட்டுவிட்டு வருவதற்குள் தெருவெங்கும் எல்.இ.டி. பல்பு எரியும். ரேடியோவில் அத்தனையும் இரைச்சலாக வந்து விழும். மறுநாள் மறுபடி முதலிலிருந்து. வீட்டில் ஒரு ரேடியோவைச் சரிசெய்ய இவ்வளவு பேருடைய அனுமதி வேண்டும் என்று எந்தப் பாடத்திலும் எழுதியிருக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் வரவில்லை. அன்றைக்கு முடித்தேன். மீடியம் வேவில் திருநெல்வேலி வானொலி சுத்தமாக வந்தது. செட் ஆறின பிறகு கட்டைகள் அசையாமல் மெழுகு விடலாம் என்று மேஜையிலேயே திறந்து வைத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போனேன்.

திரும்பி வந்து போட்டால் வெறும் 'உஸ்'. ஒரு நிலையமும் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். கட்டைகள் எல்லாம் துளையின் அடியாழத்தில் போய் உட்கார்ந்திருந்தன.

"இத யாரு தொட்டீக?"

அப்பா முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "நாந்தான் தாயி. மதியம் ஷிப்ட் இல்ல, வந்து பாத்தேன். ஒரு ஸ்க்ரூ விடாம லூசா இருந்துச்சு. ஒண்ணு பாதியில நிக்குது, ஒண்ணு முக்காவாசியில நிக்குது. பூராத்தையும் டைட் பண்ணிட்டேன்."

"அப்பா, அது ஸ்க்ரூ இல்ல! அது அங்கனதான் நிக்கணும்!"

"அச்சு மெஷின்ல ஒரு ஸ்க்ரூ லூசா நின்னா நாலு கலரும் விலகிரும்ல?"

"இது உங்க மெஷினா?"

அப்பா இரும்பு ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அலமாரி மேலே வைத்தார். பிறகு மெதுவாக, "நாளைக்குத்தானத்தா பூஜ" என்றார். அதை எனக்குச் சொல்கிறாராம்.

அம்மா மட்டும் வாசலிலிருந்து, "எம்புட்டு நேரமா நிக்கேன், அணைச்சிட்டியா இல்லையா?" என்றாள்.

விடிந்து, அம்மாவின் வேன் கிளம்பிய அடுத்த நிமிஷம் சுவிட்சைப் போட்டேன். லீவு சொல்லியாயிற்று. அப்பாவை அறைக்குள் விடவில்லை. குச்சியால் ஒவ்வொரு கட்டையையும் அடியிலிருந்து மேலே கொண்டுவந்து, மீட்டர் முள் உச்சத்தில் நிற்கிற இடம் பார்த்து, மறுபடி சரிபார்த்து, மெழுகுவர்த்தி கொளுத்தி ஒவ்வொரு துளையிலும் சொட்டினேன். இனி எவர் முறுக்கினாலும் மெழுகை உடைத்துத்தான் முறுக்க வேண்டும். ஆட்டோவில் அதை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

அச்சகத்தில் கற்பூரம் காட்டி முடித்திருந்தார்கள். மேஜையில் வைத்து, ஏரியல் வயரை ஜன்னல் கம்பிக்கு வெளியே விட்டு, சுவிட்சைப் போட்டேன். சத்தம் இல்லை.

"வரலையே" என்றார் கணக்குப்பிள்ளை உடனே.

"வால்வு சூடாகணும். கொஞ்சம் பொறுங்க."

"ஏலே, ஃபேன அங்கிட்டுத் திருப்பு, பாவம் அது சூடாகட்டும்" என்று யாரோ சொல்ல, ஏஜெண்டுகள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. முதலாளிக்கு முன்னால் எப்போதும் போல் கையைக் கட்டிக்கொண்டு, ரேடியோவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் டயல் வெளிச்சத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் எழும்பியது, எதிரில் நின்று பேசுகிற மாதிரி. உளுந்துப் பயிரில் மஞ்சள் தேமல் நோயைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று அது நிதானமாக விளக்கியது. கரகரப்பு இல்லை, இரைச்சல் இல்லை. அறையே உளுந்து கேட்டது.

முதலாளி நெற்றியைச் சுருக்கினார். "பாட்டு வரலையே? நல்ல நாளும் அதுவுமா..."

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா கட்டியிருந்த கையை எடுத்தார்.

"பாட்டு போடுறது திருநெல்வேலிக்காரன் வேல மொதலாளி. எம் மக வேல இம்புட்டுத்தான். அது சரியா இருக்கு, கேட்டுக்கோங்க."