ஓட்டுநர் இருக்கையில் ஒரு மைக்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அவருடைய காரின் ஸ்பீக்கர்களைச் சரிசெய்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டு வாசலில், கார் கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். அந்த வியாழக்கிழமை அவர் இறந்துபோனார்.

ஓட்டுநர் இருக்கையில், அவர் தலை இருக்கும் உயரத்தில், ஒலியை அளக்கும் மைக் ஒன்றைப் பொருத்தியிருந்தேன். சுண்டுவிரல் கனம் இருக்கும். அதன் வயர் என் போனுக்கு வந்தது. ஸ்பீக்கர்களில் அடைமழை மாதிரி ஒரே சீரான இரைச்சல் ஓடியது. அந்த இரைச்சலில் எந்தப் பகுதி தூக்கலாக வருகிறது, எது அமுங்குகிறது என்று போன் திரை கோடு போட்டுக் காட்டும். மேட்டைக் குறைத்து, பள்ளத்தை ஏற்றி, கோட்டைச் சமமாக்க வேண்டும். ஸ்பீக்கர் தொழிற்சாலையில் சோதனை அறையில் தினமும் நான் செய்கிற வேலைதான் இது.

"என் சீட்டுல எதையோ உக்கார வச்சுட்டு என்னைப் பின்னாடி தள்ளிட்டியே. மூச்சாவது விடலாமா?"

"விடலாம்ப்பா. பேசத்தான் கூடாது."

"நல்லவேளை, உங்கம்மாவைக் கூப்பிடல. கோடு போனை விட்டே வெளிய போயிருக்கும்."

அப்பா ஆம்புலன்ஸ் ஓட்டுநர். சைரன் அவர் தலைக்கு நேர் மேலே, கூரையில் இருந்தது. வழிவிடாதவர்களைத் திட்டுவதற்காகப் பக்கத்துக் கண்ணாடியை எப்போதும் இறக்கியே வைத்திருப்பார். கூட வேலை பார்த்தவர்கள் அவரை 'ஆமை' என்றார்கள். எலும்பு முறிந்தவரை ஏற்றினால் ஒவ்வொரு குழியையும் சுற்றிக்கொண்டுதான் போவார். மேலதிகாரி ஒருமுறை கூப்பிட்டுக் கண்டித்தபோது, "ஒடஞ்ச காலோட நீங்க ஒரு தடவை ஏறிப் பாருங்க சார், அப்புறம் பேசலாம்" என்றாராம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் டிவியை அணைப்பார். மின்விசிறியையும் அணைப்பார். வியர்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். நாங்கள் இரண்டு பெண்களும் அவர் எதிரில் கிசுகிசுவென்று பேசியே வளர்ந்தோம்.

ஓய்வு பெற்றபின் பழைய கார் ஒன்று வாங்கினார். பாட்டு கேட்பதற்காக அல்ல. தங்கைக்காகத்தான் ஸ்பீக்கரைச் சரிசெய்யச் சொன்னார்.

தங்கையை அவர் கீச்சு என்றுதான் கூப்பிடுவார். மெல்லிய, உச்சியில் நிற்கிற குரல். அவர் வேண்டாம் என்று சொல்லியும் வெளிநாட்டு வேலைக்குப் போனாள். வாரம் தவறாமல் போன் செய்வாள். அப்பா, "நல்லா இருக்கியா? சரி. சரி. அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று போனை நீட்டிவிடுவார். "அவருக்கு இன்னும் கோவம் ஆறலக்கா" என்று அவள் என்னிடம் அழுவாள். அப்பாவோ, "வேணும்னே வாய்க்குள்ளயே முணுமுணுக்குறா. அவ்ளோ வீம்பு" என்பார். ஒருநாள் கார் ஓட்டும்போது அவள் அழைப்பு வந்து, கார் ஸ்பீக்கரில் பேசியிருக்கிறாள். போனைக் காதில் வைத்துக் கேட்பதைவிடக் கொஞ்சம் தெளிவாக இருந்ததாம். "அரைகுறையா கேக்குது. முழுசா கேக்கற மாதிரி பண்ணித் தர்றியா?" என்று என்னிடம் வந்தார். அவர் என்னிடம் எதையும் கேட்கிறவர் இல்லை.

கோடு சமமாகிவிட்டது. மைக்கை எடுத்துவிட்டு அவரை உட்காரவைத்து, தங்கை அனுப்பியிருந்த குரல் செய்தியைப் போட்டேன்.

"பானைக்குள்ள உக்காந்து பேசற மாதிரி இருக்கு."

வயர்களைப் பார்த்தேன். மைக்கைத் திரும்ப வைத்து அளந்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. "கோடு நேரா இருக்குப்பா" என்று திரையைக் காட்டினேன்.

"கோட்டை நான் என்ன பண்றது? எனக்குக் கேக்கல."

போனை அவர் கையிலேயே கொடுத்து, "உங்களுக்கு எது வேணுமோ ஏத்துங்க" என்றேன். திரையில் ஒவ்வொரு ஒலிப் பகுதிக்கும் இருந்த பொத்தானை விரலால் தள்ளிப் பார்த்தார். கீச்சொலிகள் இருக்கும் மூவாயிரம், நாலாயிரம் ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் நின்று, அங்கேயே ஏற்றிக்கொண்டு போனார். எனக்குத் தகரத்தை ஆணியால் கீறுவது போலிருந்தது. "இன்னும் ஏறுமா?" என்றார். கடைசி வரை ஏற்றினார். தங்கையின் செய்தி நாலாவது முறை ஓடியது.

"ஏய், இவ சிரிச்சுக்கிட்டே பேசறா."

"அவ எப்பவும் அப்படித்தான்ப்பா பேசுவா."

மறுபடி போடச் சொன்னார்.

மைக்கை வைத்து இன்னொருமுறை அளந்தேன். திரையில் செங்குத்தாக ஒரு குன்று எழுந்து நின்றது. அவர் காதில் எவ்வளவு ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது என்பதை அதிலிருந்தே சொல்லிவிட முடியும். சைரன் ஆண்டுக்கணக்கில் தோண்டிய பள்ளம். சரியாகத் தங்கையின் குரல் இருக்கும் இடத்தில்.

"காது டாக்டர்கிட்டப் போலாம்ப்பா. சின்ன மிஷின்தான், வெளிய தெரியாது."

"போலாம், போலாம். மொதல்ல இவகிட்ட பேசிக்கறேன். நீ எறங்கு."

இறங்கினேன். கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடிக்குள் அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது. ஸ்டியரிங்கில் ஓங்கித் தட்டிச் சிரித்தார். அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள்.

"யாருகிட்ட இவ்ளோ நேரமா?"

"கீச்சுகிட்ட."

"இவரா?" என்றவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே வந்தபோது அப்பாவின் கண்கள் சிவந்திருந்தன. "மாசக் கடைசில வர்றாளாம். நான்தான் ஏர்போர்ட்டுக்குப் போய்க் கூட்டிட்டு வரப்போறேன். வெளிய வந்ததும் மொத ஆளா என்னைத்தான் நீ பாப்பன்னு சொல்லிட்டேன்."

"நானும் வர்றேன்ப்பா."

"நீ எதுக்கு? அவளை மைக் வச்சு அளக்கவா?"

வியாழக்கிழமை காலை டயருக்குக் காற்றடித்துவிட்டு வந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. ஓட்டுநர் அவரோடு வேலை பார்த்தவர். "ஆமையண்ணே, ஆமையண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினார். மருத்துவமனையில், உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும்போது அதே ஓட்டுநர்தான். சைரனைப் போடவில்லை. ஒவ்வொரு குழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார்.

தங்கைக்கு நான்தான் சொன்னேன். கிடைத்த விமானத்தில் கிளம்புவதாகச் சொன்னாள்.

"எத்தனை மணிக்கு எறங்குற? நான் வந்துடறேன்."

"நீ வராதக்கா. அப்பாதான் வர்றேன்னு சொல்லியிருக்காரு."

வாடகை வண்டியில் வந்து தனியாக இறங்கினாள். அப்பாவின் கார் வாசலில் நின்றது. அவள் பெட்டிகளுக்காக டிக்கியை அவர் புதன்கிழமையே காலி செய்து, துடைத்து வைத்திருந்தார்.