அஷ்டமியன்று டிராம்பே

யுத்தம் முடிந்து வந்த குளிர்காலம். மழை தொடங்குவதற்குள் இரண்டு கண்ணும் போய்விடும் என்று அம்மாவிடம் டாக்டர் சொல்லிவிட்டார். ஏற்கெனவே நல்ல வெயிலில்தான் அவளுக்கு ஏதாவது தெரியும். பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பாள். என்ன பார்க்க ஆசை என்று கேட்டேன். குருவாயூர் என்பாள் என்று நினைத்து ஆபீஸில் லீவுகூடக் கேட்டு வைத்திருந்தேன்.

"டிராம்பே பக்கம் சேத்துல பட்சிக் கூட்டம் எறங்கறதாமே. எல்லாம் ஒண்ணா எழும்பறச்சே வானமே தெரியாதாம். அதைப் பாக்கணும்."

கீழ்வீட்டு மாமி எப்போதோ சொன்னது. மாதுங்காவில், தெருமுனையில் மீன்காரி குரல் கேட்டாலே ஜன்னலைச் சாத்துகிறவள் அம்மா. அவளா மீன்பிடிக் கிராமத்துக்குப் போவாள்! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பஞ்சாங்கம் பார்க்காமல் அவள் பால்காரனைக்கூட மாற்றமாட்டாள். பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமை, ராகுகாலத்துக்கு முன் வீடு திரும்பிவிடலாம் என்று நாள் குறித்தாள். செம்பூரில் ரயிலைவிட்டு இறங்கி குதிரை பூட்டிய டாங்காவில் போனோம். கருவாடு காயும் கயிறுகளைத் தாண்டும்போது தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கரையில் போய் நின்றால், உச்சி வெயிலில் எங்கே பார்த்தாலும் தண்ணீர். ஒரு காக்கைகூட இல்லை.

வலை தைத்துக்கொண்டிருந்த மீனவப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "அபி பானி ஹை, மாயி. ஷாம் கோ ஜாயேகா."

சாயங்காலம்தான் தண்ணீர் வடியும், அப்போதுதான் சேறு தெரியும், பறவைகள் வரும். சாயங்காலம் அம்மாவுக்கு என்ன தெரியும்? எனக்குக் கோபம் தலைக்கேறியது. கடல்மேலா, பஞ்சாங்கத்தின்மேலா, டாக்டர்மேலா என்றுதான் தெரியவில்லை.

திரும்பும் ரயிலில் அம்மா விரல்களை மடக்கி மடக்கி ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். குர்லா வந்ததும் சொன்னாள்: "நிலா மாதிரியே தண்ணி ஏர்ற நேரமும் தெனம் கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளிப் போகும். பௌர்ணமிக்கு மத்தியானம் ஏறினா, அஷ்டமிக்கு மத்தியானம் எறங்கும். அடுத்த ஞாயத்துக்கெழமை அஷ்டமி. போறோம்."

அஷ்டமியன்று அவள் வாசற்படி தாண்டி நான் பார்த்ததே இல்லை. அந்த ஞாயிறு கீழ்வீட்டு மாமி மாடிப்படியிலேயே மறித்துக்கொண்டாள்.

"அஷ்டமில கெளம்பினா காரியம் உருப்படுமா?"

"நல்ல நாள் பாத்துப் போயும் ஒண்ணையும் காணலை. நகருங்கோ மாமி" என்றாள் அம்மா.

இந்தத் தடவை அம்மா மூக்கைப் பொத்தவில்லை. தண்ணீர் தூரத்தில் கிடந்தது. சேறு முழுக்கக் கொக்கும் நாரையும் உள்ளானுமாக மொய்த்துக்கொண்டிருந்தன. நான் கையை நீட்டிக் காட்டினேன். அவள் கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"ஒண்ணும் தெரியலைடி."

திரும்பிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டாள். திட்டிக்கொண்டே பின்னால் ஓடிக் கையைப் பிடித்தேன். முழங்கால்வரை நாற்றச் சேறு. அவள் நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

திடீரென்று எல்லாம் எழும்பின. தலைக்குமேல் ஒரே இறக்கைச் சத்தம். கூட்டம் திரும்பும்போதெல்லாம் வெயிலில் வெள்ளை பளிச்சிட்டது.

"தெரியறதுடி! தெரியறது!" என்று அம்மா கத்தினாள். நான் சேற்றுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

டாக்டர் சொன்னபடியே ஆயிற்று. பிறகு தினமும் காலையில் பஞ்சாங்கம் படித்துச் சொல்வது என் வேலை. அஷ்டமி என்று நான் படித்தால் முன்பெல்லாம் முகம் சுளிப்பவள், இப்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"மத்தியானம் எல்லாம் வந்து எறங்கிடும்" என்பாள்.