சரோஜம்மாள் கேட்டு வாங்கிய ஆமென்

சரோஜம்மாளின் தொண்டையைப் பற்றி ஓசூரை அடுத்த பேரிகைப் பக்கம் பேசாதவர்கள் கிடையாது. தக்காளித் தோட்டத்தில் மாடு புகுந்தால் வரப்பில் நின்று ஒரு சத்தம் கொடுப்பாள். மாடு மட்டுமல்ல, கர்நாடக எல்லையில் ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டப் போன லாரிகளும் பிரேக் போட்டு நிற்கும் என்பார்கள். ஒரு லாரி பயந்துபோய்க் கிருஷ்ணகிரிக்கே திரும்பிவிட்டதாகவும் கேள்வி. இதில் பாதியையாவது நம்பலாம். இன்று அதே தோட்டத்தில் மாடு மேய்கிறது. அவள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

புருஷன் செத்துப்போன பிறகுதான் அவள் வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், சேர்ந்தாள். ஒரே மகன் சிவராஜ். ஞானஸ்நானத்தில் அவனுக்கு சாமுவேல் என்று பெயர் மாற்றினார்கள். ரேஷன் கார்டு ஒத்துக்கொள்ளவில்லை. பெயர் மாற்றிவைத்த பாஸ்டரே கடைசிவரை சென்னகிருஷ்ணனாகத்தான் இருந்தார், ஆதார் அவரையும் விடவில்லை.

சிவராஜ் ஓசூரில் வாடகை அறையில் தங்கியிருந்தான், அங்கே ஒரு பிரஸ் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். தகட்டை மெஷினில் வைப்பதும் எடுப்பதும் வேலை. பக்கத்து மெஷின்காரன் பர்மனென்ட் என்றால் அவனுக்குக் கல்யாணம் நடக்கும், கம்பெனி பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும். கான்ட்ராக்ட் ஆள் நின்றுகொண்டு வருவான். சிவராஜ் வருஷக்கணக்காக நின்றுகொண்டே வந்தான்.

ஒரு தை மாதம் சரோஜம்மாளின் நிலத்தில் தெற்கு எல்லைக்கல் இடம் மாறியிருந்தது. கிணற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த கல், கிணற்றுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றது. தண்ணீர் வற்றிய கிணறுதான். ஆனால் அவள் புருஷன் கடப்பாரை பிடித்து வெட்டியது. தெற்கே ஒரு கம்பெனி குடோன் கட்டிக்கொண்டிருந்தது. அந்த நிலத்தை அவர்களுக்கு விற்றவர் பக்கத்துக்காட்டு திம்மராயன். அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது? ஊருக்கு வந்திருந்த மகனையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்று தொண்டையைத் திறந்தாள். அந்த மனிதர் உள்ளே போய்க் கற்பூரத்தைக் கொளுத்திக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார்.

“அக்கா, அந்தக் கல்லை நான் கையால தொடலக்கா.”

அவள் நம்பவில்லை. தாலுகா ஆபீசில் சர்வேயர் லீவு என்றார்கள், பிறகு மாற்றல் என்றார்கள். அங்கிருந்து நேராக ஜெபவீட்டுக்குப் போனாள். எல்லைக்கல்லைத் தள்ளிவைத்தவனுக்கு மோசேயின் புத்தகத்திலேயே சாபம் இருக்கிறது, அதை ஞாயிற்றுக்கிழமை சபையில் வாசிக்க வேண்டும், ஜனங்கள் ஆமென் சொல்ல வேண்டும் என்றாள்.

பாஸ்டர் தயங்கினார். இரண்டு மலைகள் இருந்தன, ஒன்றிலிருந்து ஆசீர்வாதம், இன்னொன்றிலிருந்து சாபம் என்று ஆரம்பித்தார். அந்தச் சாபங்களை வாசித்துப் பாரும்மா, பெரும்பாலும் ஒளிந்து செய்கிற காரியங்கள்தான். ஒளித்துக் கும்பிடுகிற சிலை, குருடனை வழிதப்பவைப்பது, மறைவில் அடித்துக் கொல்வது, ஆளில்லாத நேரத்தில் நகரும் கல். சாட்சியும் நியாயாதிபதியும் போய்ச் சேராத இடத்துக்குச் சாபம் போகும். அதனால்தான் பிறத்தியாரைப் பார்த்து வீசக் கூடாது என்றார்.

“ஆமென் சொல்றவன் அடுத்தவனுக்குச் சொல்லலம்மா. தன் தலைமேல தானே கையை வச்சுச் சொல்றான். யோசிச்சுக்கோ.”

“என் தலையில ஒண்ணும் இல்ல ஐயா. நீங்க வாசிங்க.”

ஞாயிற்றுக்கிழமை தகரக் கூரை அனலாய்க் காய்ந்தது. பாஸ்டர் ஒவ்வொன்றாக வாசித்தார், சபை ஆமென் என்றது. கல்லுக்கான சாபம் வந்தபோது சரோஜம்மாள் முக்காட்டைத் தள்ளிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். யாருடைய வாய் அசைகிறது, யாருடையது அசையவில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும். தூணோரம் சிவராஜ் தலையைக் குனிந்து நின்றான். ஷிப்ட் முடித்து வந்த அலுப்பு என்று நினைத்தாள். இருந்தாலும் பெற்ற பிள்ளையே வாயை மூடி நின்றால் ஊர் என்ன பேசும்?

“சத்தமா சொல்லுடா,” என்றாள்.

அவன் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். பிறகு சத்தமாகவே சொன்னான். அந்த ஆமென் கேட்டு அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

மாம்பழம் மண்டிக்கு வரத் தொடங்கியிருந்த சமயம், பிரஸ் மெஷின் சிவராஜின் வலது கை விரல்களை வாங்கிக்கொண்டது. கட்டைவிரல் மட்டும் மிச்சம். ஆஸ்பத்திரியில் கண் விழித்தவன் தண்ணீர் கேட்கவில்லை.

“அம்மா, நீ சொல்லச் சொன்ன, நானும் சொன்னேன். பலிச்சிருச்சு பாரு.”

அப்புறம் எல்லாவற்றையும் சுவரைப் பார்த்தபடி சொன்னான். குடோன் முதலாளிக்கே பிரஸ் கம்பெனியும் சொந்தம். லாரி திரும்ப இடம் பற்றவில்லை. கல் கொஞ்சம் இந்தப் பக்கம் வந்தால் பர்மனென்ட் ஆர்டர் வரும் என்று நிலம் பேசிமுடித்த புரோக்கர் சொன்னான். தண்ணியில்லாத கிணறுதானே, அம்மாவுக்கு என்ன தெரியப்போகிறது என்று அவனே கடப்பாரை போட்டு நெம்பியிருக்கிறான். அப்பாவின் கடப்பாரை. ஆர்டர் வரவில்லை.

சரோஜம்மாள் அழவில்லை. அழுதிருந்தால் அந்த வார்டே கூடியிருக்கும். அங்கிருந்து பாஸ்டரிடம் போய்ச் சாபத்தைத் திரும்ப எடுக்க வழி கேட்டாள். அவர் அவளை உட்காரவைத்து, கை வைத்தால் மெஷினை நிறுத்தவேண்டிய சென்சாரை வேலை வேகமாக நடக்கட்டும் என்று கழற்றிவைத்திருந்தார்கள், கையை வாங்கியது அதுதான் என்று விளக்கினார். அவள் காதில் விழவில்லை. கடைசியில் புத்தகத்தைப் புரட்டினார். வெள்ளியைத் திருடியவனைச் சபித்த ஒரு தாய்; திருடியது தன் மகன் என்று தெரிந்ததும் சாபத்தின்மேல் ஆசீர்வாதத்தைப் போட்டு மூடப் பார்க்கிறாள். தகப்பன் சபித்துவிடுவானே என்று மகன் பயப்பட, அந்தச் சாபம் என்மேல் வரட்டும் மகனே என்கிற இன்னொரு தாய்.

“இதுல எது பலிக்கும் ஐயா?”

“தெரியலம்மா. சொன்ன சாபத்தைச் சொல்லலைன்னு ஆக்க எனக்கு வழி தெரியல. அந்தத் தாய்மாரால முடிஞ்சது அது.”

கல்லைப் பழைய இடத்தில் நடலாம் என்று தெற்கே போய்ப் பார்த்தாள். கிணற்றை மூடித் தார் போட்டிருந்தார்கள். அதன்மேல் லாரி திரும்பிக்கொண்டிருந்தது. அப்படியே திம்மராயன் வாசலுக்குப் போனாள். அன்று சத்தம் போட்ட அதே இடத்தில் நின்றாள். எல்லாம் கேள்விப்பட்டிருந்த அந்த மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, “பையன் கை எப்படிக்கா இருக்கு?” என்று மட்டும் கேட்டார். பதிலுக்கு ஒரு ஏச்சு ஏசியிருந்தாரானால் அவள் தாங்கியிருப்பாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் எடுத்துக்கொண்டு ஓசூரில் மகனின் வாடகை அறைக்கு பஸ் ஏறினாள். சிவராஜ் பாயில் உட்கார்ந்திருந்தான். வலது கை வெள்ளைத் துணி உருண்டையாய் மடியில் கிடந்தது. அவன் தலையில் கை வைத்து, பாஸ்டர் சொல்லிக்கொடுத்த ஆசீர்வாதத்தை மெதுவாகச் சொன்னாள். பிறகு பாஸ்டர் சொல்லிக்கொடுக்காததையும் சொன்னாள்.

“உம்மேல இருக்கிறது எம்மேல வந்துடட்டும்டா. நான் கேட்டு வாங்கினதுதானே? நானே வச்சுக்கிறேன். நீ ஆமென்னு மட்டும் சொல்லு.”

சிவராஜ் தலையை விலக்கிக்கொண்டான்.

“வேணாம்மா. நெம்புனது நானு. திம்மராயண்ணன் கற்பூரத்தோட நின்னப்ப வாயை மூடிட்டு நின்னதும் நானு. இதையும் நீ வாங்கிக்கிட்டா நான் எதை வச்சுக்கிறது?”

அவள் மறுபடி கெஞ்சினாள். அவன் மாட்டேனென்று தலையை மட்டும் ஆட்டினான். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் சோற்றைப் பிசைந்து அவன் வாய்க்குக் கொண்டுபோனாள். அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு இடது கையால் அள்ளினான். பழகாத கை. பாதி வாய்க்குப் போனது, பாதி பாயில் சிந்தியது. அவன் நிறுத்தவில்லை.

ஊரையே நிறுத்திய தொண்டைக்காரி பக்கத்தில் குந்தி, சிந்திய பருக்கைகளைச் சத்தமில்லாமல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.