டீச்சர் சொன்னது ஒன்று, பிள்ளைகள் சொன்னது வேறு

பிழைக்க வந்த நாட்டில் ஊரார் உடுப்பைப் பிடித்துக் கொடுப்பதும் தளர்த்திக் கொடுப்பதும்தான் அவள் தொழில். கடையில் எல்லோருக்கும் அவள் ஆல்டரேஷன் அக்கா. மகள்கள் இருவருமே எழுத்தாளர்கள். இங்கே வளர்ந்த கதையை, அம்மாவுக்குப் புரியாத மொழிதானே என்ற தைரியத்தில், ஆளுக்கொரு புத்தகமாகப் போட்டிருந்தார்கள்.

அதே கடையில் பொத்தானுக்குக் காஜா எடுக்கிறவள் இரண்டையும் படித்துவிட்டு வந்தாள்.

"அக்கா, பெரியவ புத்தகத்துல நீங்க வாயில்லாப் பூச்சி. ஸ்கூல் மீட்டிங்ல மிரண்டு போய் உட்கார்ந்திருந்தீங்களாம். சின்னவ புத்தகத்துல மகாராணி. அதே மீட்டிங்ல கம்பீரமா மௌனம் காத்தீங்களாம். எதுதான் நிஜம்?"

அக்கா வாயிலிருந்த குண்டூசியை எடுத்தாள்.

"டீச்சர் சொல்றதை எனக்குத் தமிழ்ல சொல்ல இதுங்கதானே கூட வரும்? கிளாஸ்ல ஓயாம பேசுறான்னு டீச்சர் சொன்னா, 'நான் நல்லாப் பேசுறேனாம்மா'ம்பா பெரியவ. வீட்டுப்பாடமே செய்யறதில்லன்னா, 'எனக்கு வீட்டுப்பாடமே தேவையில்லையாம்மா'ன்னு ஒரே போடா போடுவா சின்னவ. நாள் முழுக்கக் கடைக்கு வர்றவங்ககிட்ட பேசுறவளுக்கு அது புரியாதா? வாயைத் திறந்தா சிரிச்சிடுவேன்னுதான் கம்முனு இருந்தேன்."

"அப்போ புத்தகமும் படிச்சீங்களா?"

"ரெண்டையும்."

"அவங்ககிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"ஐயோ, வேணாம்மா. அம்மா படிக்கிறான்னு தெரிஞ்சா, அடுத்த புத்தகத்துல என்னைப் பத்தி நல்லதா மட்டுமே எழுதித் தொலைப்பாளுங்க. அதை யாரு உட்கார்ந்து படிக்கிறது?"