காலால் துழாவிய அரிசி

தாணம்மையைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் "காலால் எழுதுகிற அதிசயப் பிள்ளை" என்றுதான் ஆரம்பிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதிசயமாவது மண்ணாங்கட்டியாவது. நான் அவளுக்கு இரண்டு வயது மூத்த அக்கா, பகவதியம்மாள். கூடவே கிடந்து பார்த்தவள் சொல்கிறேன், அவள் நெல் துழாவித்தான் எழுதப் பழகினாள்.

பிறக்கும்போதே அவளுக்கு இரண்டு கைகளும் முழங்கையோடு முடிந்திருந்தன. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நேரே வந்து அறைகிற வயல்காட்டு ஊர் எங்களுடையது. அறுத்து அடித்த நெல்லைப் பாயில் பரப்பிப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் பெண்கள் அதில் நடந்து காலாலேயே துழாவிக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அடியும் மேலும் ஒன்றுபோலக் காயும். இந்த வேலைக்குக் கை எதற்கு? நாலு வயதிலேயே தாணம்மை பாயில் இறங்கிவிட்டாள். அவள் துழாவின நெல்லில் ஈரம் என்று ஒருத்தி சொன்னதில்லை.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அவளுக்கு ஏழு வயது. விஜயதசமியன்று ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஏடு தொடங்குவார்கள். ஹெட்மாஸ்டர் ஆறுமுகப்பெருமாள் பிள்ளை தன் வீட்டுப் புது அரிசியைத் தட்டில் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதவைப்பார். அதன் பிறகுதான் ரிஜிஸ்தரில் பேர் ஏறும். அப்பா கணபதியப்பன் அவளுக்குப் புதுப் பாவாடை கட்டிக் கூட்டிக்கொண்டு போனார். நானும் போனேன். ஹெட்மாஸ்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"வேய் கணபதியப்பன், நான் எதைப் பிடிச்சு எழுத?"

"காலு விரலு இருக்குல்லா சார்," என்றாள் தாணம்மை.

நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"தெரியாம ஏட்டுல காலு பட்டாலே தொட்டுக் கண்ணுல ஒத்துகோம். நீ சரஸ்வதி மேல காலைத் தூக்கி வைக்கணும்னு சொல்லுத. அது நடக்காது பிள்ளே. வீட்டுக்குப் போ."

அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். அந்தக் கோபத்தில் நான் அவரோடு மூன்று நாள் பேசவில்லை.

அப்புறம் நானே ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்தில் படித்ததைச் சாயங்காலம் பாய் ஓரத்தில் நின்று சொல்வேன், அவள் பெருவிரலால் நெல்லில் எழுதுவாள். "ழ" வருவதற்கு ஒரு மாசம் ஆயிற்று. கோணல் என்று சொல்லிக் கலைத்து விடுவேன். "நீ கையால போடுத ழ மட்டும் நேராவா இருக்கு?" என்பாள். வாய் அப்படி. ஒரு வருஷத்தில் என் வாசிப்புப் புத்தகம் முழுக்க அவளுக்குத் தெரியும். பகலில் வந்து பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்து பாடம் கேட்பாள். ஹெட்மாஸ்டர் அவளை விரட்டவில்லை. அதை அவருடைய பெரிய மனசு என்று ஊரில் பேசினார்கள். ரிஜிஸ்தரில் பேர் இல்லாவிட்டால் பரீட்சை கிடையாது, அடுத்த வகுப்பு கிடையாது. பெரிய மனசை வைத்து என்ன செய்ய?

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. நாற்பத்தொன்பதில் கன்னிப்பூ என்கிற முதல் போக அறுப்பு முடிந்ததும் ஹெட்மாஸ்டர் வீட்டு நெல்லைப் பள்ளிக்கூட முற்றத்தில்தான் காயப்போட்டார்கள். துழாவப் பெண்பிள்ளைகளைக் கூப்பிட்டார்.

"தாணம்மையையும் வரச் சொல்லு. அவ காலு பட்டா நல்லாக் காயும்," என்று என்னிடமே சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"போகாதட்டி," என்றேன் அவளிடம். "பேரு எழுத மாட்டாராம், நெல்லு மட்டும் துழாவணுமாம்."

"நான் போவேன் அக்கா. அந்த நெல்லு எந்தத் தட்டுக்குப் போவுதுன்னு யோசிச்சியா?"

மூன்று நாளும் வெயிலில் நின்று துழாவினாள். மற்றப் பிள்ளைகள் நிழலுக்கு ஓடினபோதும் அவள் பாயை விட்டு இறங்கவில்லை.

விஜயதசமி வந்தது. அவள் அப்பாவையும் என்னையும் இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் இசக்கியின் கடைசிப் பயல் எழுதி முடித்து, தாயின் இடுப்பில் ஏறிக்கொண்டான். ஹெட்மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்கு முன்னமேயே சொன்னேனே."

"இந்த அரிசி யாரு வீட்டுது சார்?"

"எங்க வீட்டுது. புது அரிசி. ஏன்?"

"முத்தத்துல கெடந்த நெல்லுதானே? மூணு நாளும் துழாவுனது நான். எங்காலு படாத ஒரு நெல்லு அதுல கெடையாது."

அவள் விடவில்லை.

"எங்காலு பட்டது ஆகாதுன்னா, இன்னைக்கு இந்தப் பிள்ளைக எல்லாம் எழுதுன எழுத்தும் ஆகாது. அரிசியை வாய்க்கால்ல கொட்டிட்டு எல்லாருக்கும் மறுபடி எழுதுங்க. ஆகும்னா தட்டைக் கீழ வைங்க."

ஹெட்மாஸ்டரின் முகம் கறுத்தது. "நெல்லு வேற, அரிசி வேற. இது குத்தி, புடைச்சு, கழுவுன அரிசி."

"நானும் காலைக் கழுவிட்டுத்தான் சார் வந்திருக்கேன்."

யாரோ சிரித்துவிட்டார்கள். இந்தத் தடவை அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. இசக்கி பயலை இடுப்பில் மாற்றிப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எம் பயலு எழுதுனது எழுதுனதுதான். அதை ஆகாதுன்னு சொல்ல நான் விடமாட்டேன். அந்தப் பிள்ளைக்குத் தட்டைக் கீழ வைங்க சார்."

"வைங்க சார்," என்றார் அப்பா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பேசியிருக்க வேண்டிய வார்த்தை. பரவாயில்லை, வந்ததே.

ஹெட்மாஸ்டர் தட்டைத் தரையில் வைத்தார். விரலைப் பிடித்து எழுதவைக்கக் குனிந்தவரை அவள் தடுத்துவிட்டாள். பெருவிரலை ஊன்றி, தட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் தன் பெயரைத் தானே எழுதினாள். ஹெட்மாஸ்டர் குறை கண்டுபிடிக்கப் பார்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. அன்றைக்கே ரிஜிஸ்தரில் இரண்டாம் வகுப்பில் பேர் ஏறிற்று. நான் வீடு வந்து சேரும்வரை அழுதுகொண்டே வந்தேன். அவள் அழவில்லை, பசிக்கிறது என்றாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பெஞ்சில் இடம் கொடுக்கவில்லை. தரையில் உட்கார்ந்தாள். பையன்கள் முழங்கையை மடக்கிக் காட்டிக் கேலி செய்தார்கள். ஒருவனை எட்டி உதைத்தாள், எழுதுகிற காலாலேயே. நன்றாக வேண்டும் அவனுக்கு.

ஐம்பத்தாறு பங்குனியில் எட்டாம் வகுப்புப் பரீட்சைக்கு நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினோம். நான் பரீட்சை அறை ஜன்னலுக்கு வெளியே நின்றேன். மேற்பார்வைக்கு வந்தவர் சுந்தர்சிங் என்று ஒரு வாத்தியார். பலகையைத் தரையில் போட்டு, பேனாவை விரலிடுக்கில் செருகி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் கேள்வித்தாளைக் கொடுக்காமல் நின்றுவிட்டார். சாமி விஷயம் ஒன்றும் அவர் பேசவில்லை.

"காலழுக்கு பட்ட பேப்பரை யாரும்மா கையில எடுத்துத் திருத்துவா?"

"சார் காலையில என்ன சாப்பிட்டிய?"

"பழையதுதான். அதுக்கு என்ன இப்போ?"

"அந்த நெல்லை எவளோ ஒருத்தி காலால துழாவித்தான் காயப்போட்டிருப்பா. உங்க வயித்துக்கு ஒண்ணும் ஆவல்ல. பேப்பருக்கு என்ன ஆவப்போவுது? மணி அடிச்சாச்சு சார், தாளைத் தாங்க."

அவள் தரையில் இருந்தாள். சுந்தர்சிங் சார் நல்ல உயரம். கேள்வித்தாளை அவள் காலடியில் வைப்பதற்கு அவர் முதுகை வளைத்து முழுக்கக் குனிய வேண்டியிருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அதை ஆசைதீரப் பார்த்தேன்.