நடுவில் நிற்கும் கை

ஆடும்போது அவர் எதிராளியின் முகத்தைப் பார்ப்பதில்லை. கையைத்தான் பார்ப்பார். ஒரு காயை எடுக்கப் போன கை பாதி வழியில் நின்று, இன்னொரு காயின் பக்கம் லேசாகத் திரும்பினால் போதும், அவருக்கு மனசு நிறைந்துவிடும். "பாத்தீங்களா, நின்னுச்சு," என்பார், பக்கத்து வீட்டுக்காரியான என்னிடம். "இதுக்குத்தான் இவ்வளவு அட்டைய வெட்டுறேன்."

வேலை அட்டைப்பெட்டிக் கம்பெனியில். மருந்துக்கும் சோப்புக்கும் பற்பசைக்கும் மாதிரிப் பெட்டி செய்து காட்ட வேண்டும். மிஷினில் ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு பெட்டியும் அவர் கையால் ஒருமுறை வெட்டுப்பட்டு, மடிந்து, மூடித் திறந்தாக வேண்டும். மிஞ்சிய துண்டுகள் பையில் வீட்டுக்கு வரும். சாப்பாட்டு மேசையில் பாதி அவருடையது. அந்தப் பாதியில் தட்டு வைக்க அவர் மனைவிக்கே அனுமதி இல்லை. குடியிருப்பில் அவரை 'அட்டை சார்' என்றுதான் சொல்வார்கள். "ஒட்டிக்கிட்டா விடமாட்டாரு, சரியாத்தான் பேரு வச்சிருக்காங்க," என்பார் அக்கா. அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவது.

செய்வதெல்லாம் பலகை ஆட்டங்கள். பலகை, காய், விதி எல்லாம் சொந்தச் சரக்கு. பகடை மட்டும் கிடையாது. "பகடைய உருட்டிட்டு என்ன விழுதுன்னு பாக்குறது, வெளிய மழை பெய்யுதான்னு ஜன்னல்ல எட்டிப் பாக்குற மாதிரி. அதுல நமக்கு என்ன வேலை?" மாதக்கணக்கில் உட்கார்ந்து மலைப்பாதை ஆட்டம் ஒன்று செய்தார். பார்க்க அவ்வளவு அழகு. உச்சிக்குப் போக மூன்று பாதை. ஆடிப் பார்த்தபோது எல்லோரும் இடது பக்கப் பாதையிலேயே போனோம், அதில்தான் சீக்கிரம் ஏற முடிந்தது. அன்றைக்கே அதைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். "மத்த ரெண்டு பாதை எதுக்கு, சும்மா படத்துக்கா? எது வேணும்னு கேட்டுட்டு ஒரே வழிய வச்சா அது ஏமாத்து வேலை." கிழிக்கும்போது முகத்தில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

தோற்பதற்கும் அவரிடம் ஓர் இலக்கணம் உண்டு. "தோத்தவனுக்கு எங்க தோத்தோம்னு தெரியணும். அந்த எடத்துல அப்படிப் போயிருக்கணும்னு அவன் வாயால சொல்லணும். அப்பதான் மறுபடி வந்து உக்காருவான். காரணமே தெரியாம தோத்தா எவன் வருவான்?"

இப்போது மேசையில் இருப்பது ஆற்று ஆட்டம். சாம்பல் நிற அட்டையில் ஆறு, மேல் முனையில் படகுத்துறை. ஆளுக்கு மூன்று படகு. படகென்றால் பற்பசை மூடிதான். அவருக்கு வெள்ளை, எதிராளிக்குச் சிவப்பு. இரண்டு படகை முதலில் துறைக்குச் சேர்த்தவர் ஜெயித்தார். ஒருமுறைக்கு ஒரு வேலைதான்: ஒன்று, சொந்தப் படகை ஒரு கட்டம் நகர்த்தலாம். இல்லையென்றால், கையிலிருக்கும் அட்டைத் தடுப்பு ஒன்றை எதிராளியின் படகுக்கு முன்னால் போட்டு அதைச் சுற்றிப்போக வைக்கலாம். போட்ட தடுப்பு திரும்பிவராது. "போனா மறிக்க முடியாது, மறிச்சா போக முடியாது. எதை விடுறதுன்னு மனசு அடிச்சுக்கணும்."

ஆடிப் பார்க்க மூன்று பேர். எனக்கு அவர் வைத்த பெயர் எலி. "சோதனைக்கு எலி வேணும்ல?" அடுத்து, ஞாயிறுதோறும் வரும் அக்காவின் தம்பி. "மச்சான் ஆடுறது பஸ்ஸப் பிடிக்க ஓடுற மாதிரி. கை எங்கயும் நிக்காது." மூன்றாவது அக்கா. ரயில் முன்பதிவுக் கவுன்டரில் உட்கார்ந்து ஊருக்கே 'இடம் இல்லை' என்று சொல்லிப் பழகியவர். புருஷனுக்கு ஒரு கட்டம் விட்டுக்கொடுத்ததில்லை. அவர் காய்ச்சலில் கிடந்தபோது போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி ஆடினார். தோற்கடித்த பிறகுதான் மாத்திரையைக் கொடுத்தார் அக்கா. "நோயாளின்னா விட்டுருவாங்களா?" அக்காவின் கை மட்டும் காய்களுக்கு மேலே பருந்து மாதிரி சுற்றும். "இவ கைதான் எனக்கு அளவு," என்பார் அவர். "இவ கை நிக்காத ஆட்டம் எதுக்கும் ஆகாது."

கொஞ்ச நாளாக அவருடைய கத்தி கோட்டை விட்டு விலகுகிறது. ஆற்றுப் பலகையின் ஓரத்தில் ஒரு கீறல், கத்தி வழுக்கிப் போன இடம். தலைவலி, வலது விரல்களில் மரமரப்பு. ஸ்கேன் எடுத்தார்கள். முடிவைக் கேட்க அக்காவும் தம்பியும் மட்டும் போனார்கள். 'நரம்புத் தளர்ச்சி, மாத்திரை போதும்' என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். லிஃப்ட் வாசலில் என்னிடம் அக்கா சொன்னது வேறு. தலைக்குள் கட்டி. அறுத்து எடுத்தால் வலது கை அநேகமாகப் போய்விடும். விட்டால் வளரும், எவ்வளவு காலம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். "கை போச்சுன்னா அவரு எதை வச்சு இருப்பாரு? நீ எதுவும் சொல்லிடாதம்மா."

அந்த ஞாயிற்றுக்கிழமை வானம் மூடிக் கிடந்தது. பகலிலேயே டியூப்லைட் போட்டிருந்தார்கள். அவருடைய ஒரு படகு துறைக்குப் போயாயிற்று. இன்னொன்றுக்கு ஒரே கட்டம் பாக்கி. அக்காவிடம் ஒரு தடுப்பு மிச்சமிருந்தது. அதை எங்கே போட வேண்டும் என்று எனக்கே தெரிந்தது, பஸ் பிடிக்கிற தம்பிக்கும் தெரிந்திருக்கும். அக்காவின் கை நேராகப் போய், கடைசியில் கிடந்த சிவப்புப் படகை நகர்த்திவிட்டுத் திரும்பியது.

அவர் ஆடவில்லை.

"உன் கை நிக்கல," என்றார்.

"தூக்கக் கலக்கம். ஆடுங்க, ஜெயிச்சுட்டுப் போங்க."

"காய்ச்சல்லயே என்னை விடாதவ நீ." பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஸ்கேன்ல என்ன வந்துச்சு?"

"அதான் சொன்னோமே மாமா, மாத்திரை..." என்று தம்பி ஆரம்பித்தார்.

"நீ இரு மச்சான். உன் பஸ்ஸு போயிடுச்சு."

அக்கா மேசை விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். ரயில் ரத்து என்று கவுன்டரில் சொல்வதைப் போல, ஏற்ற இறக்கம் இல்லாமல், எல்லாவற்றையும் சொன்னார். கட்டி இருக்கும் இடம், அறுத்தால் என்ன, விட்டால் என்ன. "வேணாம்னு சொல்லிட்டோம். உங்க கைய நெனச்சுத்தான்," என்று முடித்தபோதுதான் குரல் உடைந்தது.

"என் முறைய நீங்க ஆடிட்டீங்க," என்றார் அவர். மலைப்பாதையைக் கிழித்த அன்று இருந்த அதே முகம்.

"இன்னும் ஒண்ணும் முடிஞ்சு போகல மாமா. நாளைக்கே டாக்டர்கிட்ட போலாம், நீங்களே பேசுங்க," என்றார் தம்பி.

"போலாம்." ஒரு விரலால் சிவப்பு மூடியைத் தள்ளி, பழைய கட்டத்திலேயே கொண்டுபோய் வைத்தார். "மொதல்ல இதை ஒழுங்கா ஆடு."

அக்கா கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். கை மேலே எழுந்து, படகுக்கும் தடுப்புக்கும் நடுவில் வெகுநேரம் சுற்றியது. பிறகு தடுப்பை எடுத்து வெள்ளைப் படகின் முன்னால், துறைக்குப் போகவிடாமல், அழுத்தி வைத்தது.

இனி அவர் முறை. மறிபட்ட படகைச் சுற்றிக் கொண்டுபோகலாம். இல்லை, கீழே நிற்கும் மூன்றாவதை நம்பிக் கிளப்பலாம். இரண்டுக்குமே தூரம் அதிகம். அவர் வலது கையைத் தூக்கினார். இரண்டு வெள்ளை மூடிகளுக்கும் நடுவே வந்து அந்தக் கை நின்றது. நாங்கள் மூன்று பேரும் அவர் முகத்தைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.