டார்ச் வெளிச்சத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி

அந்த அம்மாவின் ஆவிதான் என் மானிட்டரை அணைத்தது என்று நம்பினேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட நானே முதலில் சொல்லிவிடுவது மேல்.

ஃப்ளெக்ஸ் டிசைன் என் தொழில். காதுகுத்து, கடைத் திறப்பு, கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றையும் கணபதி ஏரியாவில் என் வீட்டு முன்னறையிலேயே செய்து பிரஸ்ஸுக்கு மெயில் போட்டுவிடுவேன். மனைவி பெங்களூரில் மகள் வீட்டில் பேத்தியைப் பார்த்துக்கொள்கிறாள். ஒரு மாசம் என்று போனவள், திரும்பும் பேச்சே இல்லை. அதனால் பகல் முழுக்க நான் பேசுவது திரையில் இருக்கும் முகங்களோடு. மாப்பிள்ளைகளைக் கிண்டல் செய்வேன், தலைவர்களை மிரட்டுவேன். யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. வீட்டில் இந்த மரியாதை எனக்கு எப்போதும் கிடைத்ததில்லை.

அன்று விடிந்ததும் துடியலூரிலிருந்து நடராஜ் என்பவர் வந்தார். லேத் பட்டறையில் வேலை. அவர் அம்மா இறந்து, அன்று சாயங்காலம் எடுக்கிறார்கள். அதற்குள் வாசலில் ஃப்ளெக்ஸ் கட்ட வேண்டும். கையில் இருந்தது பேங்க் பாஸ்புக்கில் ஒட்டியிருந்த ஸ்டாம்ப் சைஸ் போட்டோ. பாதி முகத்தில் பேங்க் சீல். அம்மாவுக்கு இருப்பதே இந்த ஒரு படம்தானாம்.

ஸ்கேன் செய்து, பெரிதாக்கி, சீலின் மையைக் கன்னத்திலிருந்து புள்ளி புள்ளியாகத் துடைத்தேன். மதியம் நெருங்கும்போது முகம் வந்துவிட்டது. ஆனால் ரொம்பக் கோபமான முகம். "கொஞ்சம் சிரிங்க அம்மணி" என்று சொல்லி, உதட்டு ஓரத்தை மவுஸால் லேசாக மேலே இழுத்தேன்.

திரை இருண்டது.

சிபியூவில் ஃபேன் ஓடுகிறது, மானிட்டரில் பவர் விளக்கு எரிகிறது, படம் மட்டும் இல்லை. கை கூப்பி மன்னிப்புக் கேட்டேன். விபூதி எடுத்து மானிட்டரின் நெற்றி எது என்று தேடிப் பூசினேன். அதன்பிறகுதான் உக்கடத்தில் சர்வீஸ் செய்யும் ரஃபீக் பாய்க்குப் போன் போட வேண்டும் என்று தோன்றியது.

"ஆஃப் பண்ணிப்போட்டு, உள்ள இருக்கற ராம் மெமரியைக் கழட்டி, ரப்பர்ல தேய்ச்சு மாட்டுங்க. சாயங்காலமா நான் வாரேன்" என்றார்.

சுவிட்சில் கை வைத்த பிறகுதான் நினைவு வந்தது. காலையிலிருந்து ஒரு தடவைகூட சேவ் செய்யவில்லை. தொழிலுக்கு வருகிறவர்களிடமெல்லாம் "சேவ் பண்ணுங்க, சேவ் பண்ணுங்க" என்று ஓதுகிற ஆள் நான்தான். அணைத்தால் அந்த முகம் போய்விடும். பெயர் கேட்கும் கட்டம் தெரியாமல் சேவும் செய்ய முடியாது. மறுபடி செய்ய நேரம் இல்லை. டிவியில் கேபிளைச் செருகிப் பார்க்கலாம் என்றால், டிவியும் மனைவியோடு பெங்களூர் போயிருந்தது.

மேஜைக்குப் பின்னால் புகுந்து கேபிளைக் கழற்றி மாட்டினேன். மாற்றமில்லை. செல்போன் டார்ச்சோடு எழுந்தபோது வெளிச்சம் திரையில் சாய்வாக விழுந்தது. கருப்புக்குள்ளிருந்து இரண்டு கண்கள் என்னையே பார்த்தன.

நான் போட்ட கூச்சலில் வெளியே பைக்கில் உட்கார்ந்திருந்த நடராஜ் உள்ளே ஓடிவந்தார். கீழே விழுந்த போனை எடுத்து, நான் விரல் நீட்டிய பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"எங்கம்மாங்க அது" என்றார்.

அவர் டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்க, முதல் காரியமாகக் கன்ட்ரோல் எஸ் அழுத்தி, பெயர் கொடுத்துச் சேவ் செய்தேன். பிறகு வேலையைத் தொடர்ந்தோம். வெளிச்சம் ஒரு கை அகலத்துக்குத்தான் விழுந்தது. பெயர் பக்கம் போனால் முகம் மறையும். முகத்துக்கு வந்தால் பெயர் மறையும். அவர் கை முகத்தின் மேலேயே நின்றுவிட்டது. கொஞ்சம் கீழே இறக்குங்க என்று இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. காலையிலிருந்து கண் கலங்காத ஆள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே பிடித்தார்.

உதட்டை நான்தான் இழுத்தேன், பழையபடி ஆக்கிவிடுகிறேன் என்றேன்.

"அம்மா சிரிச்சு நான் பார்த்ததே இல்லீங்க" என்றார். டார்ச்சை உதட்டுப் பக்கம் நகர்த்தினார். "இருக்கட்டும்ங்க."

மெயில் போனது. பிரஸ்ஸில் வாங்கிக்கொள்கிறேன் என்று கிளம்பினார். டீ குடித்துவிட்டுப் போங்க என்றேன். சொந்தக்காரர்கள் வந்திருப்பார்கள் என்றார். அவருக்கு வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, ஒரு டம்ளர் டீ மட்டும் போட்டேன். கிண்டல் செய்யத் திரையில் ஒருவரும் இல்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். திரை இருண்டால் எதையும் அணைக்காதீர்கள், ராமைக் கழற்றாதீர்கள். முதலில் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள்.

சாயங்காலம் ரஃபீக் பாய் வந்து மானிட்டரைப் பிரித்தார். திரைக்குப் பின்னால் எரிகிற எல்இடி பட்டை போயிருந்தது. படம் கடைசிவரை வந்துகொண்டுதான் இருந்தது, வெளிச்சம்தான் இல்லை.